வர்ணம் பூசிய படகைக் கழுவுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரி ஓய்ந்து வாடைக்காற்றுத் தணிந்ததும் மட்டக்களப்பு வாவியின் கரைகளிலும் நாவலடி, பாலமீன்மடுப் பக்கத்து மணலிலும் படகுகளை இழுத்துப் போட்டுக் கழுவி, தேய்த்து, வர்ணம் பூசும் வேலை தொடங்கிவிடுகிறது. சுற்றுலாப் பயணிகளை வாவியில் ஏற்றிச் செல்வதற்காகப் புதிதாகப் பைபர் படகு வாங்கிய இளைஞர்களும் இப்போது இந்த வேலையில் இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் கையில் பிடித்திருக்கும் போத்தல்களைப் பார்க்கும்போதே, நாங்கள் ஒரு காலத்தில் செய்த பிழைகள் அத்தனையும் வரிசையாகத் திரும்பி வருவது தெரிகிறது. கம்பித் தும்பால் தேய்க்கக் கூடாது, உச்சி வெயிலில் சவர்க்கார நீரை உலரவிடக் கூடாது என்பவற்றை நான் இங்கு எழுதப் போவதில்லை. அவற்றின் விளைவு அன்றைக்கே கண்ணில் படும், அடுத்த முறை கை தானாகவே விலகிக்கொள்ளும். கழுவிய அன்று படகு அழகாகத் தெரிந்து, மாதங்கள் கழித்துப் பணத்தைப் பறிக்கும் பிழைகளைப் பற்றியே எழுதுகிறேன்.

பூச்சு எதுவென்று அறியாமல் திரவம் வாங்குதல்

கடைக்குப் போகிறவர் அழுக்கை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறார். பூச்சை மனத்தில் வைத்துக்கொண்டு போக வேண்டும். எங்கள் பகுதிப் படகுகளிலும் தோணிகளிலும் பெரும்பாலும் காணப்படுவது ஒரே பேணியிலிருந்து எடுத்துப் பூசும் எண்ணெய் சார்ந்த எனாமல். இரண்டு பேணிகளைக் கலந்து பூசும் பொலியூரித்தேன் பூச்சு அதைவிட மிகவும் உறுதியானது. உங்கள் படகில் இருப்பது எது என்று தெரியாவிட்டால், கண்ணுக்குப் படாத ஒரு மூலையில் கடுமையான தின்னரை நனைத்த வெள்ளைத் துணியைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். எனாமல் இளகித் துணியில் நிறம் ஏறும். நன்றாக இறுகிய இரண்டு பேணிப் பூச்சு அசையாது.

எனாமலில் இருக்கும் எண்ணெயைக் காரம் சவர்க்காரமாக மாற்றிவிடும். சவர்க்காரத் தொழிலில் எண்ணெயும் காரச்சோடாவும் சேரும்போது நடப்பதும் இதே வேதிவினைதான். ஆகவே இயந்திர எண்ணெய்ப் பிசுக்கை அகற்றும் கடுமையான திரவங்களையும் காரச்சோடா கலந்தவற்றையும் எனாமல் மீது தொடர்ந்து பயன்படுத்தினால், மினுக்கம் போய், மேற்பரப்பு சில இடங்களில் பிசுபிசுத்து, பிறகு சுண்ணாம்புபோல் தூளாக உதிரத் தொடங்கும். துணி துவைக்கும் தூளும் காரத் தன்மை உடையதே. அதையும் வழக்கமாக்கிக்கொள்வது நல்லதல்ல. ஒரு வாளி நன்னீரில் பாத்திரம் கழுவும் திரவம் சிறிதளவு போதும். கரையோரக் கிணறுகள் சிலவற்றின் நீர் உவராக இருப்பதால், கடைசி அலசலுக்கு எந்த நீரை எடுக்கிறோம் என்பதையும் ஒரு முறை நாவில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

சிலிக்கோன் கலந்த பளபளப்புத் திரவம்

இந்தப் பிழையைப் பற்றிப் பேசும்போது எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது. இதைச் செய்பவர் அக்கறையில்லாதவர் அல்லர். தன் படகை மற்றவர்களைவிட அதிகமாகக் கவனிக்கும் ஒருவரே இதில் மாட்டிக்கொள்கிறார்.

கல்லடிப் பக்கத்தில் பயணிகள் படகு ஓட்டும் ஒருவர், வாகனங்களின் டயருக்கும் உள்பாகங்களுக்கும் அடிக்கும் பளபளப்புத் தெளிப்பானை வாங்கி, ஒவ்வொரு முறை கழுவிய பிறகும் படகின் பக்கங்களில் அடித்து வந்தார். நீர் முத்து முத்தாக உருண்டு ஓடுவதை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். அடுத்த ஆண்டு நிறத்தை மாற்ற விரும்பி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, சான்ட் பேப்பரால் தேய்த்து, நல்ல எனாமலைப் பூசினார். தூரிகையை எடுத்த சில நிமிடங்களில் ஈரப் பூச்சில் வட்ட வட்டமாகக் குழிகள் திறந்தன. ஒவ்வொரு குழியின் அடியிலும் பழைய நிறம் மீன் கண்போல் எட்டிப் பார்த்தது. அதைத் துடைத்தெறிந்து, தின்னர் நனைத்த ஒரே துணியால் படகு முழுவதையும் துடைத்து மறுபடி பூசினார், குழிகள் கூடின. பெயின்ற் பேணியில் பிழை என்று கடையோடு வாதாடி வேறு பேணி வாங்கினார். அதிலும் அதுவே நடந்தது. கடைசியில் நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதி முழுவதையும் பைபர் தெரியும்வரை சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. பெயின்றுக்கும் கூலிக்கும் போன பணம் ஒருபுறம் இருக்க, பயணிகள் வரும் நாட்களில் படகு கரையில் கிடந்ததே பெரிய நட்டம்.

சிலிக்கோன் எண்ணெயின் மேற்பரப்பு இழுவிசை மிகக் குறைவு. அதன் சிறு துளி இருக்கும் இடத்தில் புதிய பூச்சு படராமல் விலகி ஓடும். அதுவே குழியாகத் தெரிகிறது. வெயிலும் மழையும் சவர்க்காரமும் அதை முழுமையாக அகற்றுவதில்லை. துடைப்பதற்கு முன்பே தேய்த்தால், சான்ட் பேப்பர் அந்த எண்ணெயைத் தான் கீறிய கோடுகளுக்குள் அழுத்திவிடுகிறது. ஒரே துணியால் தின்னர் போட்டுத் துடைத்தால், ஓரிடத்தில் இருந்தது படகு முழுவதும் மெல்லிய படலமாகப் பரவுகிறது. அனுபவமுள்ள பூச்சு வேலைக்காரர் சிலர் குழி விழாதிருக்கப் பெயின்றிலேயே சில துளி மருந்து கலப்பார்கள். அந்த மருந்தும் பெரும்பாலும் சிலிக்கோனே. அன்றைய வேலை முடியும், ஆனால் அடுத்தடுத்த பூச்சுகளிலும் அதையே கலக்க வேண்டிய கட்டாயம் வந்துவிடும்.

ஏற்கனவே அடித்துவிட்டவர்கள், தேய்ப்பதற்கு முன்பு, மெழுகையும் கொழுப்பையும் அகற்றும் கரைப்பானையும் நிறையச் சுத்தமான பருத்தித் துணிகளையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு துணியால் சிறு பகுதியை நனைத்து, அது உலர்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் துடைத்து எடுத்து, துணிகளை அடிக்கடி மாற்றிக்கொண்டே போக வேண்டும். பிறகு நன்னீரை ஊற்றிப் பாருங்கள். நீர் ஒரே படலமாக வழிந்தால் தேய்க்கத் தொடங்கலாம். எங்கேனும் பிரிந்து முத்தாகத் திரண்டால் அங்கு மறுபடியும் துடைக்க வேண்டும். பளபளப்பின் சான்றாகக் காட்டப்பட்ட அந்த முத்துகளே இந்த நேரத்தில் எச்சரிக்கை அடையாளம்.

வாங்கும்போது போத்தலின் முன்பக்கத்தை நம்ப வேண்டாம். கார்னோபா மெழுகு என்று பெரிதாக எழுதியவற்றிலும் சிலிக்கோன் கலந்திருப்பதுண்டு. பின்பக்கத்தில் சிலிக்கோன், சிலொக்சேன், டைமெதிக்கோன் என்ற சொற்கள் இருந்தால் வைத்துவிடுங்கள். சிலிக்கோன் அற்றது என்று தெளிவாகக் குறிப்பிட்டதை மட்டும் எடுங்கள். எதற்கும் நல்லது என்று கடைக்காரர் சொல்வது அவருடைய வியாபாரம். தெளிப்பான் வகையென்றால் இன்னொரு கேடும் உண்டு: அந்த நுண்துளிகள் காற்றில் மிதந்து, அதே கொட்டிலில் வர்ணத்துக்குத் தயாராக நிற்கும் அயலவரின் படகிலும் படியும். குழி விழுந்த காரணம் தெரியாமலே அவர் திண்டாடுவார்.

துருக் கறைக்குக் கழிவறைத் திரவம்

ஆணி, கொளுக்கி ஆகியவற்றிலிருந்து வழியும் பழுப்புக் கோடுகள் கழிவறைத் திரவத்தில் உடனே மறைவது உண்மைதான். அவற்றுட் பலவற்றில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம், கோட்டை அழித்த கையோடு நாகம் பூசிய இரும்பையும் எவர்சில்வர் பொருத்துகளையும் வெளியிணைப்பு இயந்திரத்தின் அலுமினிய உடலையும் அரிக்கத் தொடங்கும். நீங்கள் துடைத்த துரு அடுத்த மாதம் இன்னும் அகலமாக வழியும். ஒக்சாலிக் அமிலம் கலந்த துரு நீக்கி இதற்குப் பொருத்தமானது. கையுறை அணிந்து, கறையின் மீது மட்டும் தடவி, உலரவிடாமல் நிறைய நன்னீரால் அலசுங்கள். கறை எங்கிருந்து வழிகிறதோ அந்த ஆணியை மாற்றாவிட்டால் எந்தத் திரவமும் பயன்படாது.

பிளீச்சையும் அமிலத்தையும் ஒரே வாளியில் கலத்தல்

குளோரின் வாயு கிளம்பும். ஒருபோதும் வேண்டாம்.

பாசித்தடுப்புப் பூச்சுக்கு மெழுகு

அந்தப் பூச்சு தன்னிலுள்ள செப்புச் சேர்மத்தை நீரில் சிறிது சிறிதாக விட்டுத்தான் வேலை செய்கிறது. மெழுகு அதை மூடிவிடும்.

புதிய எனாமலுக்கு உடனே மெழுகு

தொட்டால் ஒட்டாதது இறுகியதாகாது. சில வாரங்கள் பொறுங்கள்.

கழுவிய நீரை வாவியில் விடுதல்

போத்தலில் மக்கும் தன்மையுடையது என்று எழுதியிருப்பதைக் காட்டி, நீரில் மிதக்கும் படகை அப்படியே நுரை போட்டுக் கழுவுகிறார்கள். மக்குவதற்கு நாட்கள் வேண்டும். அதுவரை அந்த நுரை மீனின் செவுளுக்குத் தீங்கானதே. கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கும் காலத்தில் வாவி நீர் கடலோடு கலப்பது குறைவு. விட்டது உள்ளேயே நிற்கும். சவர்க்காரம் தேவைப்படும் கழுவலைப் படகைக் கரையேற்றிய பிறகு, கிணற்றுக்கும் நீரோரத்துக்கும் எட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மிதக்கும்போது ஈரத் துணியும் நன்னீரும் மட்டும் போதும். கரைப்பான் நனைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல், விரித்து வெளியில் உலரவிட்டு அப்புறப்படுத்துங்கள்.