நண்பர்களோடு நாடக விழாவுக்குக் காரில் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஒருமுறை நாங்கள் நான்கு பேர் ஏழு நிமிடம் தாமதமாக ஓர் அரங்கின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கதவைச் சாத்திவிட்டார்கள். பக்கத்தில் நின்ற தன்னார்வலர் உதட்டில் விரலை வைத்து, முடியாது என்று தலையசைத்தார். உள்ளே யாரோ பாடுவது மெல்லக் கேட்டது. பிறகு மொத்த அரங்கும் ஒரே நேரத்தில் சிரித்தது. அந்தச் சிரிப்பு எதற்கென்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டி வந்ததே அந்த ஒரு நாடகத்துக்காகத்தான்.

சினிமாவுக்குப் பழகிய நமக்கு இது சட்டென்று உறைப்பதில்லை. சினிமாவில் முதல் ஐந்து நிமிடம் போனால் பெரும்பாலும் விளம்பரம்தான் போயிருக்கும். நாடகத்தில் அந்த ஐந்து நிமிடத்தில்தான் நடிகர்கள் நம்மைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போகிறார்கள். இருட்டில் கதவு திறந்தால் வெளி வெளிச்சம் மேடைவரை பாயும். சில சின்ன அரங்குகளில் நடிக்கும் இடத்தைத் தாண்டித்தான் இருக்கைக்கே போக முடியும். விழா என்றால் நெருக்கடி இன்னும் அதிகம். ஒரே மேடையில் ஒரே நாளில் நான்கைந்து குழுக்கள் நடிக்கும். ஒரு குழு தன் சாமான்களை எடுத்து, அடுத்த குழு தன்னுடையதை வைத்து, விளக்குகளைச் சரிசெய்ய அரை மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அதனால் ‘ஆட்கள் வரட்டும், பத்து நிமிடம் பொறுக்கலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. 6 மணி என்றால் 6 மணிதான்.

ஆகவே முதல் தவறு, டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைப் போய்ச் சேர வேண்டிய நேரமாக எடுத்துக்கொள்வது. கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். 6 மணி நாடகத்துக்கு 5.30-க்கு அரங்க வாசலில் இருக்க வேண்டும். பார்க்கிங் தேடி, நடந்து வர முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விழா நடக்கும் தெருக்களில் வண்டியை விடாமல் அடைத்திருப்பார்கள். தங்குமிடத்தில் பையை வைத்து, முகம் கழுவி, கொஞ்சம் சாப்பிட ஒரு மணி நேரம். ஆக, ஊருக்குள் நுழைய வேண்டியது 3.45-க்கு. மேப் காட்டுவது சக்கரம் உருளும் நேரத்தை மட்டும். நான்கு பேர் இருக்கும் வண்டியில் ‘பத்து நிமிடம் நிறுத்தலாம்’ என்றால் அரை மணி நேரம் என்று அர்த்தம்.

மேப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. விழாவின் பெயரைப் போட்டுத் தேடினால் பல நேரம் அலுவலகத்தின் முகவரிதான் வரும். நாடகம் நடப்பது வேறெங்கோ இருக்கும். ஸ்காட்லாந்தில் நடக்கும் எடின்பரோ ஃபிரிஞ்ச் விழாவையே பாருங்கள். 1947-இல் எட்டு நாடகக் குழுக்கள் அழைப்பில்லாமல் வந்து, கிடைத்த இடங்களில் நடித்ததில் தொடங்கியது அது. இப்போது 3,000-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் தேவாலயக் கூடம், மதுக்கூடத்தின் மேல்மாடி, வகுப்பறை என்று ஊர் முழுக்கச் சிதறி நடக்கின்றன. எந்த விழாவானாலும் விழாவின் பெயரைத் தேடாமல், டிக்கெட்டில் உள்ள அரங்கின் பெயரைத் தேடுங்கள். இரண்டு நாடகங்களுக்கு இடையே ஓர் அரங்கிலிருந்து இன்னொன்றுக்கு நடக்க எவ்வளவு ஆகும் என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

தாமதமாகிவிட்டதே என்று வேகத்தைக் கூட்டுவது அடுத்த தவறு. கணக்கு எளிது. 100 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 60 நிமிடம், 120-இல் போனால் 50 நிமிடம். மிச்சமாவது பத்தே நிமிடம், அதுவும் சாலை முழுக்கக் காலியாக இருந்தால். ஆனால் பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க எடுக்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. அதாவது ஏறக்குறைய 44 சதவீதம் அதிகமாகிறது. நான்கு பேரும் அவர்களுடைய பைகளும் ஏறிய வண்டியில் இந்த விளையாட்டு வேண்டாம். ஒரு நாடகம் தவறினால் தவறட்டும்.

கிளம்புவதற்கு முன் டயர் காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். முழுப் பாரத்துக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம் பைகளை அடுக்குங்கள். பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும். போடாதவர் மோதலில் முன் சீட்டுக்காரர் மேல்தான் போய் விழுவார்.

இனி, எனக்கு உண்மையிலேயே பயம் தரும் தவறு. ஞாயிற்றுக்கிழமை கடைசி நாடகம் முடிந்து, இரவோடு இரவாக வீடு திரும்புவது. திங்கட்கிழமை வேலை இருக்கிறது, இன்னொரு நாள் தங்கச் செலவு இருக்கிறது, எல்லாம் புரிகிறது. ஆனால் காலை 7 மணிக்கு எழுந்தவர் நள்ளிரவில் ஸ்டியரிங் பிடிக்கும்போது 17 மணி நேரம் விழித்திருந்திருப்பார். அவ்வளவு நேரம் விழித்திருப்பவரின் கவனமும் அனிச்சையும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதைப் போல மந்தமாகிவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல நாடுகளில் அந்த அளவோடு வண்டி ஓட்டுவதே குற்றம். குடிக்காத நண்பர்தானே ஓட்டுகிறார் என்ற நிம்மதி அங்கே செல்லாது.

எங்கள் வண்டியிலும் அது நடந்தது. மூன்று பேரும் தூங்கிவிட்டோம். சக்கரம் சாலையோரச் சரளையில் ஏறிய சத்தத்தில்தான் விழித்தேன். ஓட்டிக்கொண்டிருந்தவனும் அதே சத்தத்தில்தான் விழித்திருக்கிறான். அவன் ஒன்றும் பேசவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து ஞாயிறு மதியக் காட்சியோடு முடித்துக்கொள்கிறோம், வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புகிறோம். அதற்கு வழியில்லையென்றால் இரவு தங்கி விடியற்காலையில் கிளம்புங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரமாவது நிறுத்துங்கள். ஓட்டுநரின் பக்கத்தில் இருப்பவர் தூங்கக் கூடாது என்பதைச் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். கண் சொக்கினால் ஜன்னலைத் திறப்பதும் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவதும் உதவாது. ஒரு காபி குடித்துவிட்டு, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 20 நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்யத் தொடங்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும்.

அடுத்தது பேராசை. இரண்டு நாளில் எட்டு நாடகம் பார்த்துவிடலாம் என்று அட்டவணை போடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன். திரும்பி வந்தபின் எந்த நாடகத்தில் எந்த அம்மா அழுதார் என்றே பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று போதும். அதிலும் ஒரு பொழுதைக் காலியாக விடுங்கள். விழாவில் நல்ல நாடகத்தின் பெயர் வரிசைகளிலும் டீக்கடைகளிலும்தான் காதில் விழும். அதைப் பார்க்கக் கையில் நேரம் இருக்க வேண்டும். நாடகம் எவ்வளவு நேரம் ஓடும் என்பதையும் பாருங்கள். 1985-இல் பிரான்ஸின் அவிக்னோன் விழாவில் ஆங்கிலேய இயக்குநர் பீட்டர் புரூக் மகாபாரதத்தை ஒரு கல் குவாரியில் மேடையேற்றினார். ஏறத்தாழ ஒன்பது மணி நேர நாடகம் அது. அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம்.

திறந்தவெளி அரங்கென்றால் பகலில் எவ்வளவு வெயிலடித்தாலும் இரவுக்கு ஒரு சால்வை கொண்டுபோங்கள். கல் படிக்கட்டில் இரண்டு மணி நேரம் உட்கார ஒரு சின்ன மெத்தையும் வேண்டும். மழைக்குக் குடை வேண்டாம், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். மழைக்கோட்டு போதும். மழையால் காட்சி நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை டிக்கெட் வாங்கும்போதே படித்துவிடுங்கள்.

தெரியாத மொழி நாடகத்துக்கு முதல் வரிசை டிக்கெட் வாங்குவதும் தவறுதான். வசனத்தின் மொழிபெயர்ப்பைப் பெரும்பாலும் மேடைக்கு மேலேயோ பக்கவாட்டிலோ ஒரு திரையில் காட்டுவார்கள். முதல் வரிசையிலிருந்து அதைப் படித்தால் நடிகரைப் பார்க்க முடியாது, நடிகரைப் பார்த்தால் வசனம் போய்விடும், கழுத்தும் வலிக்கும். நடு வரிசைகளில் இரண்டும் ஒரே பார்வையில் அடங்கும். கதைச் சுருக்கத்தை முன்பே படித்துவிட்டுப் போனால் திரையைப் பார்க்கும் அவசியமே பாதியாகக் குறையும்.

போனைச் சைலண்டில் போட்டால் போதாது, அணைத்துவிடுங்கள். கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்சையும் சேர்த்துத்தான். இருட்டில் ஒரு மணிக்கட்டு ஒளிர்ந்தாலும் மேடையில் இருப்பவருக்குத் தெரியும். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்துவிட்டு வந்து நிற்கிற மனிதர் அவர்.

நண்பர்களுக்குள் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் வீட்டிலேயே தீர்க்கக் கூடியவை. செலவைக் கிளம்பும் முன்பே பொதுப் பணமாகப் போட்டு ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஓட்டுபவரிடம் பெட்ரோலுக்குப் பங்கு வாங்காதீர்கள்; அவர் உழைப்பு ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறது. டிக்கெட்டுகள் முழுக்க ஒரே போனில் இருக்க வேண்டாம், அதன் சார்ஜ் தீர்ந்தால் நால்வரும் வெளியேதான். எல்லாரும் ஒரே நாடகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதையும் விடுங்கள். உடல்மொழி நாடகம் பிடிக்காதவரை இழுத்துக்கொண்டு போனால் அவர் பெருமூச்சு விடுவது உங்கள் காதில்தான் விழும். இரண்டு பேர் இங்கே, இரண்டு பேர் அங்கே என்று பிரிந்து போய்விட்டு ராத்திரி சாப்பாட்டில் சந்தித்தால், பார்க்காத நாடகத்தையும் நண்பரின் வாய்மொழியில் பார்த்துவிடலாம்.

கடைசியாக ஒன்று. நாடகம் முடிந்து வாசலைத் தாண்டுவதற்குள் “எப்படி இருந்தது? பத்துக்கு எவ்வளவு?” என்று கேட்காதீர்கள். அப்போது கேட்டால் ‘சூப்பர்’ அல்லது ‘சுமார்’ என்ற இரண்டில் ஒன்றுதான் வரும். சொன்ன சொல்லைக் காப்பாற்றவே அவர் அப்புறம் வாதாடுவார், பார்த்தது மறந்துபோகும். பேசாமல் நடங்கள். வண்டியில் ஏறியதும் பாட்டுப் போடாதீர்கள்.

போன முறை ஞாயிறு மதியக் காட்சி முடிந்து திரும்பும்போது ஏறக்குறைய அரை மணி நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது: “போறதுக்கு முன்னாடி அவர் ஏன் அந்த நாற்காலியைச் சுவர் பக்கமாத் திருப்பி வச்சார்?” நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஓட்டிக்கொண்டிருந்தவன் கவனித்திருந்தான். “முதல் காட்சியிலேயும் அது சுவர் பக்கமாத்தான் இருந்தது” என்றான். வீடு வந்து சேரும்வரை அந்த நாற்காலியைப் பற்றித்தான் பேசினோம்.