உளவியல் உதவியாளரிடம் எந்த வேலையை ஒப்படைக்கலாம்?

உளவியலாளர் ஒருவர் உதவியாளரிடம் வேலையை ஒப்படைக்கும்போது, அவருடைய பட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது; அந்தக் குறிப்பிட்ட வேலையை அவர் தனியாகச் செய்ய வல்லவரா, மேற்பார்வை இருந்தால்தான் செய்வாரா என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறைத் தொகுப்பில் 2.05ஆம் பிரிவு இதையே வலியுறுத்துகிறது. சிகிச்சை பெறுபவரோடு வேறு உறவு இருந்து, அதனால் நடுநிலை தவறக்கூடியவரிடம் பொறுப்பைத் தரக்கூடாது என்றும் அது சொல்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கும் இந்த விதி உண்டு. குழந்தையின் சித்தியையே மொழிபெயர்க்க உட்காரவைத்தால், குழந்தை சொன்னது எது, குடும்பம் சொல்ல விரும்புவது எது என்று பிரித்தறிய முடியாது.

நேரம் ஒதுக்குவது, படிவங்களைச் சரிபார்ப்பது போன்றவற்றைத் தயங்காமல் தரலாம். நோயை நிர்ணயிப்பதும் முடிவுகளுக்குப் பொருள் சொல்வதும் உளவியலாளரிடமே இருக்க வேண்டும்.

சிக்கல் இடையில் உள்ள வேலையில், அதாவது நுண்ணறிவுச் சோதனைகளை நடத்துவதில்தான் வருகிறது. கையேட்டை வாசித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இலக்கங்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பகுதியில் நொடிக்கு ஓர் இலக்கம் வீதம், ஒரே சீராக வாசிக்க வேண்டும். தொலைபேசி எண் சொல்வதுபோல் இரண்டிரண்டாகச் சேர்த்து வாசித்துவிட்டால், குழந்தைக்கு நினைவில் வைப்பது எளிதாகி, மதிப்பெண் உள்ளதைவிடக் கூடிவிடும். விடைத்தாளை எத்தனை முறை புரட்டினாலும் இந்தப் பிழை தெரியாது. ஆகவே முதல் சில சோதனைகளின்போது அறையிலேயே உட்கார்ந்து கவனியுங்கள். பிறகு பெற்றோரின் ஒப்புதலோடு எடுத்த ஒலிப்பதிவை அவ்வப்போது கேளுங்கள். வயதுக் கணக்கை மட்டும் ஒவ்வொரு தாளிலும் நீங்களே மறுபடி போட்டுப் பாருங்கள். அது பிசகினால் வேறு வயதினருக்கான அட்டவணையில் மதிப்பெண் தேட நேரும்.

சந்திப்பு தொடங்கும் முன்பே, தம்முடன் பேசுபவர் உதவியாளர் என்பதையும் அவரை மேற்பார்வையிடுபவர் யார் என்பதையும் வந்தவரிடம் சொல்லிவிட வேண்டும். தற்கொலை எண்ணம் பற்றி வந்தவர் பேசினால், உதவியாளர் அவரைத் தனியே விடாமல் யாரை உடனே அழைக்க வேண்டும், அவர் கிடைக்காவிட்டால் அடுத்து யாரை அழைக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அழைக்க வேண்டிய இருவருமே ஊரில் இல்லாத நாளில், அத்தகைய பேச்சு வரக்கூடிய நேர்காணலை உதவியாளரிடம் விடாதீர்கள். வந்தவரைத் தகுதியுள்ள வேறொருவரிடம் அன்றே அனுப்பிவையுங்கள்.