கச்சேரிக்குக் காசு பேசுவது எப்படி

போனில் "உங்க ரேட் என்ன?" என்று கேட்டதும் வாய்க்கு வந்த தொகையைச் சொல்லிவிடாதீர்கள். எந்த மண்டபம், எத்தனை மணிக்கு ஆரம்பம், எவ்வளவு நேரம், சவுண்ட் யார் வைக்கிறார்கள், இதையெல்லாம் கேட்டுக்கொண்டு "சாயங்காலம் சொல்றேன்" என்று வைத்துவிடுங்கள்.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். தாம்பரம் பக்கம் ஒரு ரிசப்ஷன், ஐந்து பேர் குழு, 40,000 ரூபாய் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சவுண்ட் செட்டும் ஆபரேட்டரும் 12,000, வண்டி 3,000 என்று போனால் தலைக்கு 5,000. அந்தக் காசுக்கு மதியமே கிளம்பி, பொண்ணு மாப்பிள்ளை மேடைக்கு வரும்வரை காத்திருந்து, போட்டோ எடுக்க நிற்கும் வரிசைக்குப் பக்கத்தில் மூன்று மணி நேரம் வாசித்துவிட்டு, கடைசி எலெக்ட்ரிக் ட்ரெயினும் போன பிறகு கீபோர்டைத் தூக்கிக்கொண்டு ஆட்டோக்காரரிடம் பேரம் பேச வேண்டும். ரிகர்சலுக்குப் போன மாலைகள், ஸ்டுடியோ வாடகை, அறுந்த கிட்டார் கம்பி எல்லாம் இதற்குள்தான். அதனால் சவுண்டையும் வண்டியையும் தனியாக எழுதிக் காட்டி, உங்கள் தொகையை முழு நாளுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். குறைக்கச் சொன்னால் மூன்று பேர் வருகிறோம் என்று சொல்லலாம், அதே ஐந்து பேர் குறைந்த காசுக்கு வேண்டாம்.

பேசியதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி "ஓகே" வாங்குங்கள். தேதி, நேரம், தொகை, பாக்கி எப்போது, ரத்தானால் அட்வான்ஸ் என்ன ஆகும், கூடுதல் நேரத்துக்கு எவ்வளவு. பத்திரம் மாதிரி எதையாவது நீட்டினால் கல்யாண வீட்டுக்காரர் மிரண்டுவிடுவார், இது போதும். பாதி அட்வான்ஸ் வந்த பிறகுதான் தேதி உறுதி. மீதியை சவுண்ட் செக் முடிந்ததும் கேளுங்கள், கச்சேரி முடிந்து கேட்டால் "மாமா கொடுப்பார்" என்பார்கள், மாமா பந்தியில் இருப்பார். திறந்தவெளி என்றால் இன்னொரு வரியும் தேவை: இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது, அவர்கள் தாமதமாக ஆரம்பித்து நேரம் சுருங்கினாலும் முழுத் தொகை தர வேண்டும் என்று எழுதிவிடுங்கள்.

சென்னையில் ஓஎம்ஆர், ஈசிஆர் சாலைப் பக்கத்து கஃபேக்களில் "நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும்" என்பார்கள். எக்ஸ்போஷரை வைத்து பெட்ரோல் போட முடியாது. கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் இவ்வளவு என்று ஒரு அடிப்படைத் தொகை, அதற்கு மேல் டிக்கெட்டில் பங்கு என்று பேசுங்கள்.

மார்கழி சபா கச்சேரிகள் தனிக் கதை. மதிய ஸ்லாட்டில் பாடும் இளையவருக்குக் கிடைக்கும் சன்மானம் பல நேரம் பக்கவாத்தியக்காரர்களுக்குக் கொடுக்கவே போதாது, கைக்காசு போட வேண்டிவரும். பெயருக்காக ஒரு சீசன் அப்படிப் பாடுவது உங்கள் முடிவு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மிருதங்கக்காரரிடம் தொகையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அந்த முடிவை அவர் எடுக்கவில்லை. மேடை தர நன்கொடை கேட்டால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

வெளியாட்கள் ஏமாற்றுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், குழுவுக்குள் நடப்பதைப் பேசுவதில்லை. மொத்தம் எவ்வளவு வந்தது என்று லீடர் சொல்லாத குழுக்கள் நிறைய. போன் பேசி, புரோகிராம் பிடித்து, ஆள் சேர்ப்பவருக்கு ரெண்டு பங்கு போவது நியாயம்தான், அது ரெண்டு பங்கு என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மாற்று ஆளாக ஒரு நாளைக்கு மட்டும் போகிறீர்களா? உங்கள் தொகையை ஜிபேயில் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

கம்பெனி நிகழ்ச்சிகளில் காசு கூட, ஆனால் கைக்கு வர மாசக்கணக்கில் இழுக்கும். பில் கொடுங்கள், பான் எண் கொடுங்கள். தொகை பெரிதானால் பெரும்பாலும் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே, பிடிப்பார்கள், வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் கூடுதலாகப் பிடித்தது திரும்ப வரும். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவும் வைத்துக்கொள்ளுங்கள். 2006-ம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்த சிறு நிறுவனத்துக்கான பணத்தை எழுத்தில் பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது, இழுத்தால் வட்டி. பில்லின் கீழே உத்யம் எண்ணைப் போடுங்கள். அந்தப் பதிவு இணையத்தில் இலவசம், அதற்கென்று ஏஜென்ட் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.