அலாஸ்கா ஃபெர்ரியில் கேம்பரை ஏற்றும் முன்

அலாஸ்கா மரைன் ஹைவே என்ற அரசுக் கப்பல் சேவையின் ஃபெர்ரியில், கேம்பர் (படுக்கையும் சமையல் வசதியும் உள்ள வண்டி) உட்பட வண்டிக் கட்டணம் நீளத்தைப் பொறுத்தது. முன் பம்பரிலிருந்து பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சைக்கிள் ஸ்டாண்டு வரை டேப் பிடித்து அளந்து பதிவு செய்யுங்கள். வாடகை நிறுவனத்தின் விளம்பரத்தில் போட்டிருக்கும் நீளத்தை நம்பவேண்டாம். துறைமுகத்தில் அளக்கும்போது நீளம் கூடினால் கூடுதல் பணம்தான்.

கப்பல் ஓடும்போது வண்டித் தளம் மூடியிருக்கும், கேம்பருக்குள் தூங்க முடியாது. மருந்து, கம்பளி உடை, பைனாகுலர் எல்லாவற்றையும் ஒரே பையில் மேலே கொண்டுபோய்விடுங்கள். ஏறுமுன் கேஸ் வால்வையும் மூடியாக வேண்டும். கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜும் அதோடு நின்றுவிடும், பலர் மறப்பது இதைத்தான். வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமிலிருந்து அலாஸ்காவின் கெட்சிகான் போகவே சுமார் 38 மணி நேரம். மீன், இறைச்சியை முன்கூட்டியே உறையவைத்து, ஐஸ் பெட்டியில் இறுக்கமாக அடுக்குங்கள்.

அலாஸ்காவின் தலைநகர் ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலை கிடையாது. ஆனால் அங்குள்ள ஆக் பே ஃபெர்ரித் துறையில் இறங்கினால் மெண்டன்ஹால் பனியாறு சில நிமிட ஓட்டம்தான். அலாஸ்காவின் ஹெய்ன்ஸ் ஊரிலிருந்து ஸ்காக்வே ஊருக்கு ஃபெர்ரியில் ஒரு மணி நேரம். சாலையில் என்றால் கனடா வழியாகச் சுற்றிச் சுமார் 570 கிலோமீட்டர்!