தோட்டப்புறப் பட்டணத்தில் மேற்பார்வை மனநல மருத்துவர்: முன்னாள் படைவீரர்களைக் கவனிப்பதற்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணம் ஒன்றின் அரசு மருத்துவமனையில் மனநலக் கிளினிக்கிற்குப் பொறுப்பேற்கும் நிபுணர், தாம் நேரில் பார்க்கும் நோயாளிகளைவிடத் தம் பொறுப்பில் பிறர் பார்க்கும் நோயாளிகளுக்கே அதிகம் பதில் சொல்ல வேண்டியவராகிறார். குறிப்பிட்ட நாட்களில் மட்டும் ஈப்போவிலிருந்து வந்துபோகும் அவருக்கு, மற்ற நாட்களில் கண்ணும் காதுமாக இருப்பவர்கள் ஓர் இளம் மருத்துவ அதிகாரியும், ஒரு மருத்துவ உதவி அதிகாரியும், ஒன்றிரண்டு தாதியரும்தான். இவர்களை மேற்பார்வையிடுவது என்றால் கோப்புகளில் கையொப்பமிடுவது என்றே பலர் எண்ணிக்கொள்கிறார்கள். எந்த முடிவைத் தம்மைக் கேட்காமல் எடுக்கக்கூடாது என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்வதும், அவ்வாறு கேட்க முனைபவருக்கு எந்த நேரத்திலும் கிடைப்பதுமே மேற்பார்வை என்பது என் கருத்து. முன்னாள் படைவீரர்களைக் கவனிக்கும்போது இந்த வேறுபாடு உயிரோடு சம்பந்தப்பட்டதாகிவிடுகிறது.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கென்றே அரசு நடத்தும் தனி மருத்துவமனை அமைப்பு உண்டு. 1946ஆம் ஆண்டு அது மருத்துவக் கல்லூரிகளோடு கைகோத்தது முதல், பயிற்சியில் இருக்கும் மருத்துவர்களும் அவர்களை மேற்பார்வையிடும் நிபுணர்களும் அங்கே சேர்ந்து பணியாற்றி வருகிறார்கள். நம் நாட்டில் அப்படிப்பட்ட தனி அமைப்பு இல்லை. பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்கும் படைவீரர் விவகாரத் துறை சலுகைகளையும் உதவிகளையும் கவனிக்கிறது. சிகிச்சையோ படைத்துறை மருத்துவமனைகளிலும், ஊர் மக்கள் எல்லோரும் வரிசையில் நிற்கும் பொது அரசு மருத்துவமனைகளிலும் நடக்கிறது. ஆகவே உங்கள் கிளினிக்கிற்கு வரும் ஓய்வுபெற்ற சார்ஜென்ட், நீரிழிவு மருந்துக்கு வந்தவர்களோடும் பால்மரம் வெட்டிவிட்டு வந்தவர்களோடும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். அவர் படையில் இருந்தவர் என்பதை யாராவது கேட்டால்தான் தெரியும். பதிவு மேசையிலேயே அந்தக் கேள்வி கேட்கப்படுகிறதா என்று பார்ப்பது உங்கள் முதல் வேலை.

‘பட்டாளத்தில் இருந்தேன்’ என்ற ஒரே வரியோடு உங்கள் மருத்துவ அதிகாரி குறிப்பை முடித்துவிட்டால், கோப்பைத் திருப்பிக் கொடுங்கள். எந்த ஆண்டுகளில், எந்தப் படைப்பிரிவில், என்ன வேலையில், எந்தக் காட்டில் இருந்தார் என்பது தெரியாமல் அவருடைய கனவுகள் எதைப் பற்றியவை என்று ஊகிக்க முடியாது. 1948 ஜூன் 16 அன்று இதே சுங்கை சிப்புட் தோட்டங்களில் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதையொட்டித் தொடங்கிய அவசரகாலம், அதாவது கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான போர்க்காலம், 1960இல் முடிவுற்றது. அதில் போரிட்டவர்களில் இன்று எஞ்சியிருப்போர் மிக முதியவர்கள். 1968 முதல், 1989 டிசம்பர் 2ஆம் நாள் தாய்லாந்தின் ஹாட்யாயில் அமைதி உடன்பாடு கையெழுத்தாகும் வரை நீடித்த இரண்டாம் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக் காலத்தில் எல்லைக் காடுகளில் ரோந்து சென்றவர்களையும், முன்னே நடந்த நண்பர் கண்ணிவெடியில் காலை இழந்ததைக் கண்டவர்களையும் நீங்கள் அடிக்கடி சந்திக்கலாம். அவர்களைவிட இளையவர்கள் 1993இல் சோமாலியாவிலும், பொஸ்னியாவிலும், 2007 முதல் லெபனானிலும் ஐக்கிய நாடுகள் அமைதிப்படையில் இருந்தவர்கள். அவசரகாலத்தில் முள்கம்பி வேலிக்குள் லயங்களை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை) ஒன்றுசேர்த்து வைத்திருந்ததைக் குழந்தைகளாகக் கண்ட முதியவர்களும் அதே பெஞ்சில் இருப்பார்கள் என்பதை மருத்துவ அதிகாரிக்கு நினைவூட்டுவது நல்லது. காக்கி உடை அணிந்தவருக்கு மட்டுமே அந்தக் காலம் மிச்சமிருப்பதாக நினைப்பது தவறு.

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலை (PTSD) கணக்கிட, அமெரிக்கப் படைவீரர் துறையின் ஆய்வு மையம் உருவாக்கிய பி.சி.எல்.-5 என்ற வினாத்தாள் பயன்படுகிறது. அதில் 20 கேள்விகள் உண்டு. மொத்தம் 80 புள்ளிகள். 31 முதல் 33 வரையிலான ஓர் அளவை எட்டினால் மேலும் ஆராய வேண்டும் என்பது வழக்கம். அந்த எண்ணை நோயறிதல் என்று எழுதிவைக்கும் பழக்கத்தை முளையிலேயே கிள்ளுங்கள். தோட்டப்புறத்து முதியவர் ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று சொல்லமாட்டார். நெஞ்சு அடைக்கிறது, தலை கிறுகிறுக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது என்பார். தீபாவளி நாளில் வெடிச் சத்தம் தொடங்கியதும் எங்கே போய் உட்காருகிறார், வீட்டில் எந்த இடத்தில் படுக்கிறார், காப்பிக்கடையில் முதுகைச் சுவரோடு சேர்த்துத்தான் உட்காருவாரா என்று கேட்கச் சொல்லுங்கள். இவை ஒரு மாதத்திற்கு மேல் நீடித்து, வாழ்க்கையைக் குலைக்கின்றனவா என்பதே கேள்வி. வேலையில் இருந்தவரை அடங்கிக் கிடந்தது, ஓய்வுபெற்ற பின்போ மனைவி இறந்த பின்போ ஞாபகமறதி தொடங்கிய பின்போ வெளிவருவதும் உண்டு.

மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நோயாளி தமிழர் என்பதற்காக அவர் தமிழில்தான் மனம் திறப்பார் என்று கொள்ள வேண்டாம். படை வாழ்க்கை முழுவதும் மலாயில் நடந்தது. சண்டையைப் பற்றி மலாயிலும், மனைவியைப் பற்றித் தமிழிலும் பேசுபவர்கள் பலர். எந்த மொழி அவருக்கு எளிது என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். மகளையோ மனைவியையோ மொழிபெயர்க்க வைப்பதை மட்டும் எந்தச் சூழலிலும் அனுமதிக்காதீர்கள். அவர்களிடமிருந்து மறைத்த ஒன்றைச் சொல்லவே அவர் வந்திருக்கக்கூடும்.

மேற்பார்வையின் அடர்த்தியை மருத்துவ அதிகாரியின் அனுபவத்திற்கேற்ப மாற்றுங்கள். புதிதாக வந்தவரோடு முதல் சில நேர்காணல்களில் அறையிலேயே அமர்ந்திருங்கள். பிறகு, அவர் தனியே பார்த்து முடித்த கடைசிப் பத்து நிமிடத்தில் உள்ளே போங்கள். தேர்ந்தவரானால் கிளினிக் முடிந்ததும் கோப்புகளோடு உட்கார்ந்து பேசினால் போதும். உள்ளே இருக்கும்போது பேசாமல் இருப்பதுதான் கடினம். இளம் பெண் மருத்துவர் ஒருவர் கேள்வி கேட்க, பெரியவர் அவரைப் பார்க்காமல் நிபுணரையே பார்த்து, “இவங்க சின்னப் பிள்ளைங்க ஐயா, நீங்களே கேளுங்க” என்பார். அந்த அழைப்பை ஏற்றுக்கொண்டால், அந்தக் கணத்திலிருந்து அந்த மருத்துவ அதிகாரி வெறும் எழுத்தராகிவிடுகிறார். நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டு, “ஐயா, உங்க டாக்டர் இவங்கதான். நான் பக்கத்துலயே இருக்கேன்” என்று சொல்லிவிட்டு மேசையைப் பாருங்கள். பெரியவர் கொஞ்ச நேரம் மௌனமாக இருப்பார், பிறகு திரும்புவார். பதவிப் படிநிலையில் வாழ்ந்தவர்களுக்கு, மேலதிகாரி ஒருவரைப் பொறுப்பில் அமர்த்திவிட்டார் என்பது நன்றாகப் புரியும்.

எப்போது அழைக்க வேண்டும் என்பதை எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். தற்கொலை எண்ணமும் அதற்கான திட்டமும்; பிறரைத் தாக்கும் எண்ணம்; ஆயுதம் கைக்கெட்டும் நிலை; விருப்பத்திற்கு மாறான அனுமதி; அறிவுரையை மீறி வீட்டுக்குப் போக விரும்புபவர்; கடும் மனநோய்க்கான குளோசாபின் மருந்தைத் தொடங்குவது, நிறுத்துவது; குடியை நிறுத்தியபின் நடுக்கமும் குழப்பமும் வருவது. இந்தச் சூழல்களில் இரவானாலும் அழைக்கலாம் என்று எழுதினால் போதாது, அழைக்க வேண்டும் என்று எழுதுங்கள். ‘தொந்தரவு செய்ய விரும்பவில்லை’ என்ற மரியாதைதான் நம்மவர்களிடம் மிகவும் ஆபத்தானது. ஆகவே தேவையில்லாமல் வந்த அழைப்பையும் கடிந்துகொள்ளாதீர்கள்.

அழைப்பு வந்ததும் கேட்க வேண்டியவை சில. நோயாளி சொன்ன வார்த்தைகள் அப்படியே என்ன. இன்று என்ன மாறியது. இன்றிரவு வீட்டில் யார் இருப்பார். கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது. கடைசிக் கேள்விக்குத் தோட்டப்புறத்தில் தனிக் கனம் உண்டு. ஓய்வுபெற்ற படைவீரர்கள் பாதுகாவலர் வேலைக்குப் போவது வழக்கம். சிலருக்கு வேலை நேரத்தில் துப்பாக்கி உண்டு. செம்பனைத் தோட்டத்துக் களைக்கொல்லிக் கிடங்கின் சாவியை வைத்திருப்பவர் உங்கள் நோயாளியாகவே இருக்கலாம். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டுவிட்டது என்றாலும், பழைய கலன்கள் வீட்டுப் பின்புறத்தில் கிடக்கின்றனவா என்று கேட்கத்தான் வேண்டும். இப்போது பயன்படும் களைக்கொல்லிகளும் உயிரைப் பறிக்கக்கூடியவையே. நோயாளியின் சம்மதத்தோடு குடும்பத்தினரிடமோ தோட்டத்து மண்டோரிடமோ (மேற்பார்வையாளரிடமோ) பேசி, சாவியையும் வேலை முறையையும் சில காலத்திற்கு மாற்றி வைப்பது, எந்த மாத்திரையையும்விட விரைவாக வேலை செய்யும். நோயாளியைப் பற்றிய இந்த விவரங்களையெல்லாம் வாட்ஸ்அப்பில் பெயரோடும் படத்தோடும் அனுப்பும் வழக்கம் இருந்தால், அன்றே நிறுத்துங்கள்.

மருந்தைப் பொறுத்தவரை மேற்பார்வையாளர் தேட வேண்டியது பழைய மருந்துச் சீட்டுகளில் இருக்கிறது. தூக்கமில்லை என்று வந்தவருக்கு யாரோ லோராசெபாம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை எழுதியிருப்பார். அடுத்து வந்த ஒவ்வொருவரும் அதையே தொடர்ந்திருப்பார்கள். அமெரிக்கப் படைவீரர் துறையின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டி இவ்வகை மருந்துகளைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலுக்குப் பரிந்துரைப்பதில்லை. அதிர்ச்சியை மையப்படுத்திய பேச்சு சிகிச்சைக்கு முதலிடம் தந்து, மருந்தென்றால் செர்ட்ராலின், பராக்சிடின், வென்லாஃபாக்சின் ஆகியவற்றைச் சொல்கிறது. ஆனால் வருடக்கணக்கில் லோராசெபாம் சாப்பிட்டவருக்குத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். படிப்படியாகவே குறைக்க வேண்டும். இரத்த அழுத்தத்திற்கு நீர்மாத்திரை எடுக்கும் முதியவருக்குச் செர்ட்ராலின் தொடங்கினால் சில வாரங்களுக்குள் இரத்தத்தில் சோடியம் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்; அது குறைந்தால் மனக்குழப்பம் வரலாம். புதிதாகக் குழம்பும் முதியவரை ‘மனநோய் முற்றிவிட்டது’ என்று எழுதிவிடும் தவறு இதனால்தான் நேர்கிறது. சம்சு என்ற மலிவுச் சாராயத்தைப் பற்றிக் கேட்கும்போது, குடிப்பீர்களா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். தூங்குவதற்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் உண்மை வெளிவரும்.

2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி, விருப்பத்திற்கு மாறாக அனுமதிக்கப்படுபவரை அரசிதழில் அறிவிக்கப்பட்ட மருத்துவமனையில்தான் வைத்திருக்க முடியும். உங்கள் மருத்துவமனை அந்தப் பட்டியலில் இல்லையென்றால், உறவினரின் விண்ணப்பமும் மருத்துவ அதிகாரியின் பரிந்துரையும் யாரிடம், எப்போது தயாராக வேண்டும் என்பதைப் பகலிலேயே ஒத்திகை பாருங்கள். 1911இல் தொடங்கப்பட்ட உலு கிந்தா மனநல மருத்துவமனையைக் குடும்பத்தார் இன்றும் அது இருக்கும் ஊரின் பெயரால் தஞ்சோங் ரம்புத்தான் என்றே சொல்வார்கள், அதைச் சொல்லும்போதே குரல் தாழ்ந்துவிடும். எத்தனை நாட்கள், யார் வந்து பார்க்கலாம், திரும்பி வருவது எப்படி என்று விளக்கினால் அச்சம் குறையும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டதையும் சொல்லச் சொல்லுங்கள். போலீஸ் வரும் என்ற பயத்தில் உண்மையை மறைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

குறிப்பெழுதுவதில் கண்டிப்பாக இருங்கள். ‘நிபுணர் நேரில் பார்த்தார்’, ‘அருகிலிருந்து கலந்தாலோசித்தார்’, ‘தொலைபேசியில் ஆலோசனை தந்தார்’ ஆகிய மூன்றும் வேறு வேறு. எது நடந்ததோ அதை மட்டும், நேரத்தோடு எழுத வேண்டும். பார்க்காத நோயாளியின் கோப்பில் பார்த்ததாகத் தோன்றும்படி கையொப்பமிடாதீர்கள். உதவித்தொகைக்காக மருத்துவ அறிக்கை கேட்டு வருபவர்களுக்கும் இதே அளவுகோல்தான்: கண்டதை எழுதுங்கள், அனுதாபத்தால் ஏற்றியும் சந்தேகத்தால் இறக்கியும் எழுத வேண்டாம்.

சண்டைக் கதைகளை வாரம்தோறும் கேட்கும் மருத்துவ அதிகாரி, ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிடுவார். நேர்காணல்கள் குறுகும், மருந்துச் சீட்டுகள் நீளும். அந்த மாற்றத்தைக் கோப்புகளிலேயே காணலாம். அப்போது தனியே அழைத்து, நோயாளியைப் பற்றி அல்லாமல் அவரைப் பற்றிக் கேளுங்கள். நோயாளி ஒருவர் தற்கொலை செய்துகொண்டால், யார் தவறு என்று தேடுவதற்கு முன் அன்றைய நாளுக்குள் அந்த மருத்துவ அதிகாரியோடு நேரில் அமருங்கள். குடும்பத்தைப் பார்க்கப் போவதென்றால் அவரைத் தனியாக அனுப்பாமல் உடன் செல்லுங்கள்.

மருத்துவ அதிகாரிகள் மாற்றலாகிப் போவார்கள். நோயாளிகள் அதே ஊரில் இருப்பார்கள். எனவே புறப்படுபவரும் புதியவரும் ஒரே கிளினிக் நாளில் சேர்ந்து அமர்ந்து, ஆபத்து அதிகமுள்ளவர்களை நேரில் அறிமுகம் செய்துவைக்க வேண்டும். அந்த ஒரு நாளை ஒதுக்கித் தருமாறு மருத்துவமனை நிர்வாகத்திடம் முன்னரே எழுத்தில் கேளுங்கள். ஊரிலேயே பிறந்து வளர்ந்த மருத்துவ உதவி அதிகாரி இருந்தால், யார் எந்த லயத்தில் இருக்கிறார், யார் யாரோடு பேசுவதில்லை என்பதையெல்லாம் அவர் அறிவார். அவரையும் அந்த மேசையில் உட்கார வையுங்கள்.