ஜெர்மன் அரசியல் செய்தியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டுச் செய்திப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள், ஜெர்மனியின் கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியத்தை (சி.டி.யு.) பற்றி எழுதும்போது எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளைச் செய்கிறார்கள். பெயர்களின் எழுத்துப் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவற்றை மெய்ப்பு பார்ப்பவர் திருத்திவிடுவார்.

முதலிடத்தை ஆட்சி என்று எழுதுவது

தொகுதிவாரி வெற்றியைப் பார்த்துப் பழகியவர்கள் முதலிடம் பிடித்த கட்சிக்கு உடனே ஆட்சியைக் கொடுத்துவிடுகிறார்கள். ஜெர்மனியில் வாக்கு விகிதத்தை ஒட்டியே இடங்கள் பிரிவதால், முதலிடம் மட்டும் ஆட்சிக்குப் போதாது. 1957இல் அடினாவர் தலைமையில் 50.2 சதவீதம் பெற்றதைத் தவிர, சி.டி.யு.வும் அதன் பவேரியச் சகோதரக் கட்சியான சி.எஸ்.யு.வும் சேர்ந்துகூடப் பாதி வாக்குகளைத் தாண்டியதில்லை. 1976இல் சி.டி.யு.வின் ஹெல்முட் கோல் 48.6 சதவீதம் பெற்றும் எதிர்க்கட்சி வரிசையில்தான் அமர்ந்தார். 1982 அக்டோபர் 1 அன்று அவர் சான்ஸலர் (அரசின் தலைவர்) ஆனது, சுதந்திர ஜனநாயகக் கட்சி அணி மாறியதால்.

2025 பிப்ரவரி தேர்தலன்று இரவே பயிற்சிச் செய்தியாளர் ஒருவர் சி.டி.யு. தலைவரைப் பற்றி "ஜெர்மனியின் புதிய சான்ஸலர் மெர்ஸ்" என்று தலைப்பிட்டார். அப்போது கூட்டணிப் பேச்சே தொடங்கவில்லை. எச்சரித்த பிறகும், மே 6 அன்று நாடாளுமன்ற வாக்கெடுப்பின் முடிவு வருமுன்பே "மெர்ஸ் தேர்வு" என்ற செய்தியை அவர் இணையத்தில் ஏற்றிவிட்டார். கூட்டணியின் பலம் 328, தேவை 316. ரகசிய வாக்கெடுப்பில் கிடைத்ததோ 310. போருக்குப் பிந்தைய வரலாற்றில் சான்ஸலர் வேட்பாளர் ஒருவர் முதல் சுற்றில் தோற்றது அதுவே முதன்முறை. இரண்டாம் சுற்றில் 325 வாக்குகளுடன் மெர்ஸ் தேர்வானார் என்றாலும், இடைப்பட்ட நேரத்தில் எங்கள் வாசகர்கள் படித்தது நடக்காத ஒன்றை. இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

இரு கட்சிகளை ஒன்றாக்குவது

சி.எஸ்.யு. பவேரியாவில் மட்டும் போட்டியிடுகிறது, சி.டி.யு. மற்ற 15 மாநிலங்களில். நாடாளுமன்றத்தில் இரண்டும் ஒரே குழு. 2025இன் 28.5 சதவீதம் இரண்டுக்கும் சேர்த்துத்தான்; 1980இல் இரண்டுக்கும் சான்ஸலர் வேட்பாளராக நின்ற ஸ்ட்ராஸ் சி.எஸ்.யு.காரர்.

தேவாலயக் கட்சி என்று எண்ணுவது

கூடாது. கிறிஸ்தவர் அல்லாதவரும் உறுப்பினராகலாம்.

மெர்க்கல் காலத்தைத் தனியாட்சி என்பது

சி.டி.யு.வின் முன்னாள் சான்ஸலர் மெர்க்கலின் நான்கு அரசுகளில் மூன்றில் சமூக ஜனநாயகக் கட்சி பங்கேற்றது. 2015இல் நடைமுறைக்கு வந்த தேசியக் குறைந்தபட்ச ஊதியம் அக்கட்சி கூட்டணி சேர விதித்த நிபந்தனை. அதை "மெர்க்கல் திட்டம்" என்று எழுதினால், கேட்டு வாங்கியவர்கள் செய்தியிலிருந்தே காணாமல் போகிறார்கள்.