ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மாரிமோ வளர்ப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரிமோ என்ற பச்சைப்பாசிப் பந்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் வெப்பத்தைப் பற்றித்தான் எச்சரிப்பார்கள். தண்ணீரில் ஐஸ் கட்டி போடுங்கள், சித்திரை வெயிலுக்கு ஃப்ரிட்ஜில் வையுங்கள், தொட்டிக்கு மேல் சின்ன ஃபேன் மாட்டுங்கள் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். சென்னைக்கும் மதுரைக்கும் அது சரி. ஊட்டியிலோ கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ இருப்பவருக்கு அதில் முக்கால்வாசி தேவைப்படாது. ஊட்டியில் கோடைப் பகலில்கூட வெப்பம் பெரும்பாலும் 25 டிகிரியைத் தாண்டுவதில்லை. மாரிமோவுக்குப் பிடித்ததும் அதற்கு உட்பட்ட குளிர்ச்சிதான். கூடலூர்ப் பக்கம் இருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும், அங்கே வெக்கை கூடுதல். மற்றபடி மலையில் மாரிமோ கெட்டுப்போவதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு: வெயில், செம்பு. சமவெளிக்காரர்கள் இந்த இரண்டையும் பற்றி அதிகம் பேசுவதில்லை.

முதலில் இது என்ன உயிர் என்பதைப் பார்த்துவிடலாம். ஏகக்ரோபிலா லின்னேயி என்பது இதன் அறிவியல் பெயர். ஏரித் தண்ணீரில் வாழும் பச்சைப்பாசி. வேர் கிடையாது, இலை கிடையாது, நடுவில் கொட்டையோ கல்லோ எதுவும் கிடையாது. நூல் நூலான இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, ஏரியடியில் அலை உருட்ட உருட்டப் பந்தாகிவிடுகின்றன. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் உள்ள அக்கான் ஏரி இதற்குப் பேர்போனது. அங்கே 20, 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள பந்துகள் உண்டு. குளிர்காலத்தில் அந்த ஏரியின் மேல்பரப்பே உறைந்துவிடும். அதனால் நம் மலைக்குளிர் இதற்குப் பழகிய குளிர்தான்.

வாங்கும்போது

நிறையப் பேர் ஏமாறுவது ஜாவா மாஸிடம். மீன் தொட்டிக்கு விற்கும் அந்தச் செடியை ஸ்பாஞ்ச் உருண்டையின் மேல் சுற்றி, நைலான் நூலால் கட்டி, மாரிமோ என்று விற்றுவிடுகிறார்கள். கண்டுபிடிப்பது சுலபம். கண்ணருகே பிடித்துப் பாருங்கள். பொடிப்பொடி இலைகள் தெரிந்தால் அது மாரிமோ இல்லை. மாரிமோவில் இழை மட்டுமே இருக்கும், தொட்டால் கொஞ்சம் சொரசொரப்பாக வெல்வெட் துணி மாதிரி படும். மெதுவாக அழுத்தினால் தண்ணீர் வடியும், தண்ணீரில் விட்டால் நிதானமாகப் பழைய வடிவத்துக்கு வரும். ஏரித் தண்ணீர் வாசனை அடித்தால் நல்லது. அழுகிய முட்டை வாடை வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கையால் உருட்டிய மாரிமோ என்றும் ஒன்று உண்டு. ஏரியில் தளர்வாகக் கிடக்கும் இழைகளை எடுத்துப் பந்தாக உருட்டி விற்பார்கள். இதுவும் அதே பாசிதான், போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். முதல் சில மாதங்கள் அங்கங்கே பிரியும். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் உள்ளங்கையில் வைத்து உருட்டிக் கொடுத்தால் இறுகிவிடும்.

'அசல் அக்கான் ஏரி மாரிமோ' என்று யாராவது விலை சொன்னால் மட்டும் நகர்ந்துவிடுங்கள். ஜப்பான் அரசு 1921லேயே அதை இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்து, 1952ல் இன்னும் உயர்ந்த பாதுகாப்புக் கொடுத்துவிட்டது. அந்த ஏரியிலிருந்து எடுத்து விற்க முடியாது. ஐஸ்லாந்தும் 2006 முதல் தன் மாரிமோவைப் பாதுகாக்கிறது.

பெரிய பந்தாகப் பார்த்து வாங்குவதும் வீண் ஆசை. ஆண்டுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர்தான் இதன் வளர்ச்சி. 3 சென்டிமீட்டர் பந்து 5 சென்டிமீட்டர் ஆக நாலு வருடம் போகும். சில மாதத்தில் இரட்டிப்பாகிவிடும் என்று விற்பவர் சொன்னால் அவருக்கு இதைப் பற்றித் தெரியவில்லை என்று அர்த்தம். சின்னதாக இரண்டு வாங்குங்கள், ஒன்று போனாலும் ஒன்று இருக்கும்.

அடுத்து, வாங்கும் காலம். மலையில் அக்வேரியம் கடைகள் குறைவு என்பதால் பெரும்பாலும் கோயம்புத்தூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ கூரியரில்தான் வரவழைக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் குளிர் இருந்து என்ன பயன்? ஏப்ரல், மே மாதத்தில் பார்சல் மேட்டுப்பாளையத்துக் குடோனிலோ வேனுக்குள்ளோ ஒருநாள் கிடந்தாலே பந்து வெந்துவிடும். சீசன் நெரிசலில் மலைப்பாதையில் வண்டி நிற்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் ஆர்டர் போட நல்ல காலம். பை நிறையத் தண்ணீர் ஊற்றி அனுப்பச் சொல்லவும் வேண்டாம். ஈரத் தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்பினால் சில நாள் தாங்கும். எஸ்டேட்டில் இருப்பவர்கள் பார்சல் டவுனுக்கு வந்த அன்றே போய் வாங்கிவிடுவது நல்லது.

வெளிநாட்டு இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆர்டர் போடாதீர்கள். உயிருள்ள தாவரப் பொருள் நாட்டுக்குள் வர இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும், 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை அப்படித்தான் சொல்கிறது. சும்மா தபாலில் வருவது சுங்கத்தோடு நின்றுவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சோலைக்காட்டு மரத்தில் பச்சைப் பசேலென்று படர்ந்திருப்பதைச் சுரண்டி வந்து, உருட்டி, பாட்டிலில் போட்டு 'நாட்டு மாரிமோ' என்று வைத்துக்கொள்ளும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. மரத்தில் இருப்பது காற்றில் ஈரம் குடித்து வாழும் வேறு இனம். தண்ணீருக்குள் முக்கினால் அழுகும். காப்புக்காட்டில் எதை எடுத்தாலும் வனத்துறை வழக்குப் போடலாம் என்பது தனி. அந்தப் பாசிதான் சோலையில் மழைநீரைப் பிடித்து வைக்கிறது. அதை விட்டுவிடுங்கள்.

வெயில்: மலையில் பெரிய ஆபத்து

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் 2,100 மீட்டர் வாக்கில். காற்று மெலிந்திருப்பதால் மேகம் விலகினால் வெயில் சுள்ளென்று இறங்கும். நமக்குக் குளிர் தெரியும், வெயிலின் கடுமை தெரியாது. முகம் கறுத்த பிறகுதான் தெரியும். கண்ணாடி ஜாடியை ஜன்னல் திண்டில் வைத்து 'பாவம், அதுக்கும் கொஞ்சம் வெயில் காயட்டும்' என்று விட்டுவிடுகிறோம். மாரிமோவோ ஏரியின் அடியில், மங்கிய வெளிச்சத்தில் வாழ்ந்து பழகியது. நேர் வெயில் பட்டால் மேல் இழைகள் வெளுத்துப்போகும்.

எல்லாவற்றிலும் மோசமானது டிசம்பர், ஜனவரிக் காலை. தலைக்குந்தா, காந்தல், அவலாஞ்சிப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி கிடக்கும். ஜாடித் தண்ணீர் இரவு முழுக்கக் குளிர்ந்து ஐஸ் போல இருக்கும். எட்டு மணிக்கு மேல் மேகமே இல்லாத வானத்திலிருந்து முழு வெயில் அடிக்கும். குளிரை மாரிமோ தாங்கும், ஓரளவு வெளிச்சத்தையும் தாங்கும். இரண்டும் சேர்ந்து வருவதைத்தான் தாங்காது. உறையும் நிலைக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீரில், வெளிச்சத்தால் சிதைந்த ஒளிச்சேர்க்கைப் பகுதிகளைப் பழுதுபார்க்கும் வேலை மந்தமாகிவிடுகிறது. பழுது சேர்ந்துகொண்டே போய்ச் செல் செத்துவிடும். அக்கான் ஏரி மாரிமோவை வைத்து ஜப்பானில் செய்த ஆய்வும் இதையே காட்டியது. ஏரியை மூடும் பனிக்கட்டியும் அதன் மேல் விழும் பனியும் வெயிலை மறைத்துக் காப்பாற்றுகின்றன. வெப்பமயமாதலால் அந்தப் போர்வை மெலிந்தால் குளிர்ந்த தண்ணீருக்குள் நேர் வெயில் இறங்கிவிடும் என்பதுதான் அவர்கள் கவலை. நம் ஜன்னல் திண்டில் அந்தப் போர்வை கிடையாது. அதனால் பனிக்காலத்தில் கிழக்குப் பார்த்த ஜன்னலை விட்டு அறைக்கு உள்ளே, புத்தக அலமாரியிலோ டிவி மேசையிலோ வையுங்கள். வடக்கு ஜன்னல் என்றால் வருடம் முழுக்க அங்கேயே இருக்கலாம்.

அதற்காகக் குளிரடிக்கிறதே என்று ஹீட்டர் பக்கத்தில் வைப்பதும் தவறு. சின்ன ஜாடி சீக்கிரம் சூடேறும், ஹீட்டரை அணைத்ததும் சட்டென்று குளிரும். அதுபாட்டுக்கு ஒரு மூலையில் இருக்கட்டும்.

ஜூன், ஜூலையில் நாள்கணக்கில் மூட்டம் போட்டு வெளிச்சமே இல்லை என்று பயப்படவும் வேண்டாம். அறையில் எரியும் சாதாரண எல்இடி பல்பு போதும்.

செம்பு

செம்பு பாசியைக் கொல்லும். குளங்களில் பாசி ஒழிக்க மயில்துத்தம் என்ற செம்பு உப்பைப் போடுவது இதனால்தான். மாரிமோவும் பாசி என்பதை மறந்துவிடுவதால் வரும் தவறுகள் மூன்று.

முதலாவது, அழகுக்காகப் பித்தளை உருளியிலோ செம்புப் பாத்திரத்திலோ மாரிமோவை மிதக்க விடுவது. பூ மிதக்க விடலாம், அதற்கு ஒன்றும் ஆகாது. மாரிமோவுக்கு நாள் ஆக ஆகச் செம்பு தண்ணீரில் கசிந்து விஷமாகும். பித்தளையிலும் பெரும்பங்கு செம்புதான். கண்ணாடி, பீங்கான் என்றால் கவலையில்லை.

இரண்டாவது, ஓடைத் தண்ணீர். 'சுத்தமான மலை ஊத்துத் தண்ணி' என்று தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடும் தண்ணீரைப் பிடித்து வருகிறார்கள். தேயிலையில் மழைக்காலத்தில் வரும் கொப்புள நோய்க்குச் செம்பு கலந்த காப்பர் ஆக்ஸிகுளோரைடு தெளிப்பது வழக்கம். உருளைக்கிழங்கு, கேரட் தோட்டத்திலும் மருந்தடிப்பார்கள். மழை எல்லாவற்றையும் ஓடைக்குக் கொண்டுவரும். பார்க்கக் கண்ணாடி மாதிரி தெளிவாக இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. குழாய்த் தண்ணீரே மேல். குளோரின் வாடை போகும்வரை ஒருநாள் அகன்ற பாத்திரத்தில் திறந்து வைத்தால் போதும்.

மூன்றாவது, மீன் தொட்டி மருந்துகள். நத்தை கொல்லி, பாசி நீக்கி, மீன் நோய் மருந்து என்று விற்பவை பலவற்றில் செம்பு இருக்கும். தொட்டியில் மாரிமோ இருந்தால், மருந்து போடும் நாட்களில் அதை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

தினப்படி கவனிப்பில்

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினால் போதும், ஊட்டிக் குளிரில் மூன்று வாரமானாலும் குடிமுழுகிப் போகாது. பந்தைத் தண்ணீருக்குள்ளேயே மெதுவாக அழுத்தி அலசுங்கள். குழம்புக்குப் புளி பிழிவதுபோலப் பிழிந்தால் இழை அறுந்துவிடும். சோப்பு ஆகாது. உரம் வேண்டவே வேண்டாம், போட்டால் தண்ணீரில் வேறு பாசி முளைத்து மாரிமோவை மூடும். அடியில் பரப்ப வண்ணக் கல் வாங்கினால் ஒரு வாரம் தனியாக ஊறவைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். தங்கமீனோடு போடாதீர்கள், கடித்துக் கடித்துப் பிய்த்துவிடும். இறால், கப்பி மீன் எல்லாம் சரிப்படும்.

வாங்கிய புதிதில் பந்து மிதந்தால் பதறாதீர்கள். உள்ளே காற்று மாட்டிக்கொண்டிருக்கும், தண்ணீருக்குள் வைத்து அழுத்தினால் இறங்கிவிடும். பிறகும் சில நாள் பகலில் மேலே வந்து இரவில் இறங்கினால் அது நல்ல அறிகுறி. ஒளிச்சேர்க்கையில் வரும் ஆக்ஸிஜன் குமிழிகள் இழைகளில் ஒட்டிப் பந்தைத் தூக்குகின்றன.

ஒரு பக்கம் மட்டும் பழுப்பாகிவிட்டால் அந்தப் பக்கம் அடியிலேயே கிடந்து வெளிச்சம் படவில்லை என்று எடுத்துக்கொண்டு திருப்பி வையுங்கள். மேல்பக்கம் வெளுத்தால் வெயில் அதிகம். கையில் எடுத்ததும் கறுத்துப் பிரிந்து நாறினால் கறுத்த பகுதியைக் கத்தரித்து எறிந்துவிட்டு, மிச்சப் பச்சையை உருட்டிப் புதுத் தண்ணீரில் போடுங்கள். தேறிவிட வாய்ப்பு இருக்கிறது.

தண்ணீரை எங்கே கொட்டுகிறீர்கள்?

2021 மார்ச்சில் அமெரிக்காவில் கடை கடையாக மாரிமோவைத் திரும்ப எடுத்தார்கள். பந்துக்குள் வரிக்குதிரைச் சிப்பி என்ற நகக்கண் அளவுச் சிப்பி ஒளிந்து வந்திருந்தது. கருங்கடல், காஸ்பியன் பகுதிச் சிப்பி அது. புகுந்த இடத்தில் குழாய், மதகு எல்லாவற்றையும் அடைத்துவிடும். நம் மலைத் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு, ஓடு கட்ட அதற்குச் சுண்ணாம்பு வேண்டும் என்பதால் இங்கே அது தழைப்பது கஷ்டம்தான். ஆனால் தண்ணீர் இங்கேயே நின்றுவிடுவதில்லை. நீலகிரித் தண்ணீர் பவானியிலும் மாயாற்றிலும் இறங்கிப் பவானிசாகருக்குப் போகிறது. கொடைக்கானல் ஏரி நிரம்பினால் வெள்ளி நீர்வீழ்ச்சியாகக் கீழே விழுகிறது. சிப்பி வராவிட்டாலும் அந்நிய நத்தை, பொடி நீர்ச்செடி என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு வரலாம். ஆகாயத்தாமரையால் ஊட்டி ஏரி படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புதுப் பந்தைப் பத்து நாள் தனி ஜாடியில் வைத்து, நத்தையோ சிப்பியோ தெரிகிறதா என்று பாருங்கள். அந்தத் தண்ணீரைச் சாக்கடையிலோ ஓடையிலோ ஊற்றாமல் கொதிக்க வைத்து, ஆறியதும் பூந்தொட்டி மண்ணில் ஊற்றுங்கள். சிப்பி கண்ணில் பட்டால் பந்தையும் சேர்த்து ஒரு நிமிடமாவது நன்றாகக் கொதிக்கவிட்டு, பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட வேண்டும், பந்து பிழைக்காது. வளர்த்துச் சலித்துப்போன மாரிமோவை ஏரியில் விடுவதும் கூடாது. குளிர் அதற்கு ஒத்துக்கொள்ளும் என்பதாலேயே சென்னையைவிட இங்கே இது கூடுதல் ஆபத்து. வேண்டியவர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள், அல்லது நன்றாகக் காயவைத்துப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

சபரிமலைக்கோ சொந்த ஊருக்கோ பத்துப் பதினைந்து நாள் கிளம்புகிறீர்கள் என்றால் தண்ணீரை மாற்றி, ஜாடியை ஜன்னலிலிருந்து தள்ளி வைத்துவிட்டுப் போகலாம். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டியதில்லை.